பேராசிரியருக்குப் பயிற்சி உண்டு; பதிலிக்கு?

"காலேஜ் வாத்தியாருக்கே வகுப்பு நடத்துகிறார்களாமே, தோழரே! படித்து முடித்தவர்களுக்கு இன்னும் என்ன படிப்பு?"

சங்க அலுவலகத்தில் ஒரு நூற்பாலைத் தோழர் நம்மிடம் இப்படிக் கேட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கேட்டவர் சிரிக்கவில்லை. அவருடைய மகள் சர்க்கார் கலைக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். வகுப்பில் நடப்பது பாதி புரிகிறது, பாதி புரியவில்லை என்று வீட்டில் வந்து சொல்கிறாளாம். எனவே இது வேடிக்கைக் கேள்வி அல்ல. நாம் பதில் சொல்லியாக வேண்டிய கேள்வி.

படிப்பு வேறு, படிப்பிப்பது வேறு

தோழர்களே! மில்லில் புதிதாகச் சேர்ந்த பையனை எடுத்த எடுப்பில் இயந்திரத்தின் முன் தனியாக விட்டுவிடுகிறோமா? அறுந்த நூலை எப்படி ஒட்டுவது, எந்த இடத்தில் கை வைக்கக் கூடாது என்று அனுபவப்பட்ட தொழிலாளி பக்கத்தில் நின்று காட்டித் தருகிறார். நெல்லைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதியவரை நடவு வயலில் இறக்கிவிட்டால், அவர் நட்ட நாற்று நிற்குமா? விஷயம் தெரிந்திருப்பது ஒன்று. அதைக் கையால் செய்வது வேறொன்று.

பள்ளிக்கூடத்தில் பட்டதாரி ஆசிரியராக வேண்டுமானால் கற்பிக்கும் பயிற்சிக்கென்று தனிப் பட்டம் வாங்க வேண்டும். கல்லூரி ஆசிரியருக்கு அப்படி எதுவும் கிடையாது. முதுகலைப் பட்டம், அதற்கு மேல் தகுதித் தேர்வு அல்லது டாக்டர் பட்டம், அவ்வளவுதான். பாடம் நடத்துவது எப்படி என்று ஒரு நாள்கூட யாரும் காட்டித் தராமலே அவர் அறுபது பேர் முன்னால் போய் நிற்கலாம். சிலர் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொள்கிறார்கள். சிலர் கடைசி வரை குறிப்பேட்டைப் பார்த்து வாசித்துவிட்டுப் போகிறார்கள்.

இந்தக் குறை இன்று நேற்றுக் கண்டுபிடித்ததல்ல. 1964-66ல் கூடிய கோத்தாரி கல்விக் குழுவே, புதிய விரிவுரையாளர்களுக்கு அறிமுகப் பயிற்சி வேண்டும் என்று சொல்லிவிட்டது. 1986 கல்விக் கொள்கைக்குப் பிறகுதான் பல்கலைக்கழக மானியக் குழு அதற்கென்று கல்லூரிகள் தொடங்கியது. தமிழ்நாட்டிலும் சென்னை, மதுரை, கோவை, திருச்சிப் பல்கலைக்கழகங்களில் இவை வந்தன. புதிதாக வந்தவருக்கு அறிமுகப் பயிற்சி. பழகியவருக்குத் தன் பாடத்தில் புத்தொளிப் பயிற்சி. பல ஊர் ஆசிரியர்கள் ஒன்றாக உட்கார்ந்து, பாடம் நடத்தும் முறையையும் தேர்வு வைக்கும் முறையையும் தங்கள் துறையில் வந்திருக்கும் புதிய விஷயங்களையும் பேசித் தெரிந்துகொள்கிறார்கள்.

இது நல்ல காரியம். இதைக் கேலி செய்கிறவர்களோடு நாம் சேர மாட்டோம். நம் கேள்வி வேறு. இந்தப் பயிற்சி எப்படி நடக்கிறது? யாருக்குக் கிடைக்கிறது?

சான்றிதழுக்கு ஓட்டம்

பயிற்சியை உத்தியோக உயர்வோடு முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். 2018ல் வந்த மானியக் குழு விதிகளின்படி, உதவிப் பேராசிரியர் முதல் படியிலிருந்து அடுத்த படிக்குப் போக 21 நாள் அறிமுகப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். அதற்கு மேலுள்ள படிகளுக்கும் பயிற்சிக் கணக்கு உண்டு.

பலன் என்ன? பாடம் பின்னால் போய்விட்டது. சான்றிதழ் முன்னால் வந்துவிட்டது. 2020ல் கொரோனா ஊரடங்கின்போது இது பச்சையாகத் தெரிந்தது. மூலைக்கு மூலை இணையவழிக் கருத்தரங்கம்! கணினி முன் உட்கார்ந்திருந்துவிட்டு, கடைசியில் ஒரு படிவத்தை நிரப்பினால் சான்றிதழ் வீடு தேடி வந்தது. காசு வாங்கிக்கொண்டு நடத்தியவர்களும் உண்டு.

இதற்காக ஆசிரியரைத் திட்டி என்ன பயன்? உத்தியோக உயர்வு என்றால் சம்பள உயர்வு. அதைக் கேட்பது, மில்லில் கிரேடு கேட்பது போன்ற நியாயமான உரிமை. குற்றம் ஏற்பாட்டில் இருக்கிறது. பயிற்சி முடித்துத் திரும்பிய பிறகு வகுப்பில் என்ன மாறியது என்று யாராவது மாணவரைக் கேட்டார்களா? கேட்டிருந்தால் நம் தோழரின் மகள் நிறையச் சொல்லியிருப்பாள்.

பெயர்ப் பலகையை மட்டும் தவறாமல் மாற்றுகிறார்கள். கல்விப் பணியாளர் கல்லூரி 2015ல் மனிதவள மேம்பாட்டு மையமாயிற்று. 2023ல் மாளவியா பெயரில் பயிற்சி மையமாயிற்று. நாடு முழுவதும் 111 மையங்கள். 15 லட்சம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி என்று மத்திய சர்க்கார் அறிவித்தது. 2020 கல்விக் கொள்கையை விளக்குவதற்கென்றே தனிப் பயிற்சியும் வந்தது. கொள்கையை விளக்கட்டும். ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டு வந்து, ஆங்கிலப் பாடத்தைக் கேட்டு விழிக்கிற பெண்ணுக்கு எப்படிப் புரிய வைப்பது? காலையில் கல்லூரி, மாலையில் கடையில் வேலை என்று ஓடுகிற பையனை எப்படித் தேற வைப்பது? பயிற்சியில் இவற்றுக்கல்லவா முதலிடம் தர வேண்டும்!

கௌரவம் பெயரில் மட்டும்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். அந்தப் பெண்ணின் வகுப்புக்கு வருகிறவர் யார்? நிரந்தரப் பேராசிரியர் அல்ல. கௌரவ விரிவுரையாளர்!

நிரந்தர இடங்களை நிரப்பாமல், தமிழ்நாட்டு சர்க்கார் கல்லூரிகளில் ஆயிரக்கணக்கான கௌரவ விரிவுரையாளர்களைக் கொண்டு வகுப்புகள் ஓட்டப்படுகின்றன. மில் தோழர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இவர்கள்தான் கல்லூரியின் பதிலித் தொழிலாளர்கள். நிரந்தரத் தொழிலாளி செய்கிற அதே வேலை. ஆனால் அந்தக் கூலி இல்லை, அந்த உரிமை இல்லை. ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று 2019லேயே மானியக் குழு சொன்னது. இங்கே சமீப ஆண்டுகளில் தரப்பட்டதோ மாதம் 20,000, 25,000 ரூபாய். அதுவும் வருடத்துக்குப் பதினோரு மாதம்தான். மே மாதத்தில் வயிறு பசிக்காது போலும்! பெயரில் கௌரவத்தை வைத்துவிட்டுக் கூலியில் அதைப் பறித்துக்கொண்டார்கள்.

இவருக்குப் பயிற்சி உண்டா? விதியைப் புரட்டினால், 'உண்டு'. மூன்று கல்வியாண்டு வேலை செய்த தற்காலிக ஆசிரியரையும் பயிற்சியில் சேர்க்கலாம் என்று மானியக் குழுவின் வழிகாட்டு விதி சொன்னது. கதவு திறந்துதான் இருக்கிறது. கால்தான் கட்டப்பட்டிருக்கிறது. நிரந்தர ஆசிரியர் பயிற்சிக்குப் போனால் அது பணி நாள், சம்பளம் ஓடும். வகுப்புக் கணக்கில் கூலி வாங்குகிறவர் போனால் அத்தனை நாள் கூலி போச்சு. அடுத்த வருடம் வேலையில் இருப்போமா என்ற பயம் வேறு. போய் வந்தாலும் அவருக்கு ஏறுவதற்குப் படியே கிடையாது. 21 நாள் கூலியை விட்டு எவரால் போக முடியும்? அறுவடைக் காலத்தில் மூன்று வாரம் வேலையை விட்டுவிட்டு வகுப்புக்கு வா என்று விவசாயத் தொழிலாளியைக் கூப்பிட்டால் அவர் என்ன சொல்வார்?

ஆக, ஏழைப் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் நிற்பவருக்குத்தான் பயிற்சி எட்டாத கனி. நஷ்டம் அவரோடு நிற்கவில்லை. அது வகுப்பறை வழியாக நம் வீட்டுக்கே வந்து சேர்கிறது.

நாம் கோருவது

காலியிடங்களை நிரந்தரமாக நிரப்பு! பல வருடம் உழைத்த கௌரவ விரிவுரையாளர்களுக்கு அதில் நியாயம் வழங்கு!

அதுவரை அவர்களுக்கும் முழுக் கூலியோடு பயிற்சி கொடு! பயிற்சி நாளை வேலை நாளாகக் கணக்கில் எடு!

எதைக் கற்பிப்பது என்பதை டில்லியில் மட்டும் தீர்மானிக்காதே! ஆசிரியர் சங்கங்களையும் மாணவர்களையும் கேள்!

சான்றிதழை எண்ணுவதோடு நிற்காதே! வகுப்பில் என்ன மாறியது என்று போய்ப் பார்!

இவை ஆசிரியர் சங்கத்தின் கோரிக்கைகள், நமக்கென்ன என்று ஒதுங்கினால் அது தவறு. கௌரவ விரிவுரையாளர்கள் கல்லூரி வாசலில் நின்று கோஷம் போடும்போது, நம் பிள்ளையின் வகுப்பறைக்காகவும் போடுகிறார்கள். மில் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் தீர்மானம் போட வேண்டும். பெற்றோர் கூட்டத்துக்குப் போகிற தோழர்கள் வாய் திறந்து கேட்க வேண்டும்: "எங்கள் பிள்ளைக்குப் பாடம் நடத்துகிறவருக்கு என்ன கூலி? அவரைப் பயிற்சிக்கு அனுப்பினீர்களா?"

நம் தோழரின் கேள்விக்கு இதுதான் பதில். படித்து முடித்தவருக்கும் படிப்பு உண்டு, தோழரே. உங்கள் மகளுக்குப் பாடம் நடத்துகிறவருக்கு அது இன்னும் கிடைக்கவில்லை. அதைக் கேட்டுப் பெறுகிற வேலை அவருக்கும் உண்டு, நமக்கும் உண்டு.