பாரமானி அடர்த்திமானி ஆகாது

பாதரசத்துக்குப் பதில் எந்தத் திரவத்தை ஊற்றினாலும் பாரமானி அதன் அடர்த்தியைச் சொல்லிவிடும் என்பது இயற்பியல் படித்த பலரின் நம்பிக்கை. பாதரசத் தம்பத்தின் உயரமான 76 செ.மீ.யை அதன் அடர்த்தியான 13.6ஆல் பெருக்கி, திரவத் தம்பத்தின் உயரத்தால் (செ.மீ.) வகுத்தால் போதுமாம். தேர்வுக் கணக்குக்கு இது சரி, அளவீட்டுக்கு உதவாது. முதலில் அந்த 76. அது கடல்மட்டச் சராசரி மட்டுமே. 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் பாதரசம் 58 செ.மீ. அளவில்தான் நிற்கும். பக்கத்தில் ஒரு பாதரசப் பாரமானியை வைத்து அன்றைய அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டால் இந்தக் குறை தீரும் என்பார்கள். தீரும்தான்.

தீராத குறை குழாயின் உச்சியில் இருக்கிறது. அங்கே வெற்றிடம் என்கிறது பாடம். பாதரசத்துக்கு அது ஏறக்குறைய உண்மை. சாதாரண வெப்பநிலையில் அதன் ஆவி அழுத்தம் மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கை ஒட்டியதே. தண்ணீர் அப்படியல்ல. 30 டிகிரி செல்சியஸில், அதாவது சென்னையின் சாதாரணப் பகலில், நீராவி 32 மி.மீ. பாதரசத்துக்கு ஈடாக மேலிருந்து அழுத்தும். பத்து மீட்டரைத் தாண்டி எழ வேண்டிய நீர்த்தம்பம் 43 செ.மீ. குறைந்து நிற்கும். சூத்திரத்துக்கு ஆவி தெரியாது. உயரக் குறைவை அடர்த்தியின் கணக்கில் எழுதி, நல்ல தண்ணீருக்கு 1.04 என்று விடை தரும். நாலு சதவீதம்தானே என்று தள்ள முடியாது. கடல்நீரின் அடர்த்தியே 1.025 அளவுதான், குடிநீரைக் கடல்நீரைவிடக் கனமாக்கும் கருவியை எப்படி நம்புவது?

பாஸ்கால் 1646-47இல் ரூவான் நகரில் 46 அடிக் குழாய்களில் நீரையும் ஒயினையும் நிறுத்திக் காட்டினாரே என்று கேட்கலாம். தம்பம் ஏன் நிற்கிறது என்பதுதான் அவருடைய வழக்கு. அடர்த்தியின் தசம இலக்கங்கள் அல்ல. நீருக்கும் ஒயினுக்கும் உள்ள வேறுபாடு நூற்றில் ஒன்றை ஒட்டியது; ஆவி விழுங்கும் பங்கு அதைவிடக் குறைந்ததல்ல.

திரவ அழுத்தத்தால் அடர்த்தியை அளக்கவே முடியாது என்பதல்ல என் வாதம். ஹேர் கருவியில் இரண்டு குழாய்கள் இரண்டு திரவங்களில் நிற்கும்; உச்சியில் இணைந்திருக்கும். காற்றைச் சற்றே உறிஞ்சிக் கிளிப்பை இறுக்கினால் இரண்டும் ஏறும். மேலே காற்று இருந்தாலும் ஆவி இருந்தாலும் இரு தம்பங்களையும் ஒரே அளவில்தான் அழுத்தும். வெளிக்காற்றின் அழுத்தமும் கணக்கிலிருந்து விழுந்துவிடும். உயரங்களின் விகிதத்தைத் தலைகீழாக்கினால் அடர்த்திகளின் விகிதம். பாரமானிக்கும் வேலை உண்டு, வேறு வேலை. ஜான் டால்டன் பாதரசத்தின் மேலுள்ள வெற்றிடத்துக்குள் சிறிதளவு திரவத்தைச் செலுத்தி, தம்பம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தார். அந்த இறக்கத்தைத்தான் அவர் ஆவி அழுத்தமாகக் குறித்துக்கொண்டார்.