ஜூலியட் கேட்ட ஒரு மாதம்

கிள்ளானில் பிறந்திருந்தால் ஜூலியட் இப்போது படிவம் இரண்டில் படித்துக்கொண்டிருப்பாள். ஷேக்ஸ்பியரின் கணக்கில் அவளுக்கு 14 நிறைய இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கிறது. அவர் கதையை எடுத்த ஆர்தர் புரூக்கின் 1562ஆம் ஆண்டுக் கதைப்பாடலில் அவள் 16ஐ நெருங்கியவள். காதலும் மாதக்கணக்கில் நீள்கிறது. ஷேக்ஸ்பியர் வயதைக் குறைத்தார், கதையையும் ஞாயிறு தொடங்கி வியாழன் விடியலுக்குள் முடித்தார். விவரமறியாப் பிள்ளைகள் அவசரப்பட்டுச் செத்தார்கள் என்று காலங்காலமாகச் சொல்லப்படும் தீர்ப்புக்கு அவரே இடம் கொடுத்துவிட்டார்.

ரோமியோவைப் பொறுத்தவரை அதில் நியாயம் உண்டு. காலையில் ரோசலினை நினைத்து உருகியவன் இரவில் ஜூலியட்டிடம் மயங்குகிறான். மறுநாள் மாலைக்குள் தாலி கட்டாத குறையாகக் கல்யாணமே முடிந்துவிடுகிறது. கல்லறையில் சற்று நேரம் பொறுத்திருந்தால் அவள் கண் விழித்திருப்பாள்.

இந்த வேகத்துக்கு மலேசியச் சட்டம் இடம் தராது. முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் 1982இல் நடப்புக்கு வந்தது. அதன்படி 18 வயதாகாத பையனுக்குத் திருமணம் கிடையாது. 16 முடிந்த பெண்ணென்றால் மந்திரி பெசாரின் சிறப்பு உரிமம் வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் கோயிலில் நாள் குறிப்பதானாலும், வழக்கமான பதிவுக்கு 21 நாள் அறிவிப்பு ஒட்டியாக வேண்டும். 2021 டிசம்பர் முதல் 18 வயதில் வாக்களிக்கலாம். ஆனால் கல்யாணத்துக்கு 21 வரை பெற்றோர் சம்மதம் தேவை. பிள்ளைகளைக் காக்கவைக்க இத்தனை ஏற்பாடு.

பெரியவர்களைக் காக்கவைப்பது யார்? ஜூலியட்டின் தந்தை கப்புலெட் முதலில் நிதானமாகத்தான் பேசுகிறார். பெண் சிறியவள், இன்னும் இரண்டு கோடை போகட்டும் என்று பெண் கேட்டு வந்த பாரிஸிடம் சொல்கிறார். அதே மனிதர் திங்கள் இரவு, வரும் வியாழனே முகூர்த்தம் என்கிறார். பிறகு அதையும் புதனுக்கு இழுக்கிறார். ஒரு மாதம், இல்லை ஒரு வாரமாவது தள்ளிப்போடுங்கள் என்று அந்த வீட்டில் கெஞ்சுவது 13 வயதுப் பெண் மட்டும்தான். தெருவில் கிடந்து சாவு என்று அப்பா கத்துகிறார். அம்மா முகம் கொடுத்துப் பேசவில்லை. இரு குடும்பப் பகையை முடித்துவைக்கலாம் என்ற நப்பாசையில் ரகசியமாகக் கல்யாணம் செய்துவைத்த பாதிரியார், உண்மையைச் சபையில் சொல்லாமல் 42 மணி நேர மயக்க மருந்தைக் கையில் கொடுக்கிறார். ரோமியோவுக்கு அவர் எழுதிய கடிதமோ கொள்ளைநோய்த் தனிமைப்படுத்தலில் சிக்கிக்கொள்கிறது.

எல்லாரிலும் மோசம் வளர்த்த தாதி. நம் அகப்பாடல் மரபில் அந்த இடத்தில் நிற்பவள் செவிலி. தலைவியின் காதலைத் தோழி செவிலிக்குச் சொல்வாள், செவிலி நற்றாய்க்குச் சொல்வாள், அப்படியே தந்தை காதுக்குப் போகும். இதற்குப் பெயர் அறத்தொடு நிற்றல். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு முழுக்கத் தோழி செவிலியிடம் பேசும் பேச்சுதான். காதல் கல்யாணத்தில் முடிய இப்படியொரு வழியை இலக்கியமே வகுத்து வைத்திருந்தது. வெரோனாத் தாதியோ தூது போகிறாள், நூலேணி கொண்டுவருகிறாள், நெருக்கடி வந்ததும் பாரிஸையே கட்டிக்கொள் என்கிறாள்.

தமிழுக்கும் ஓர் அம்பிகாபதி உண்டு. சிற்றின்பம் கலக்காமல் நூறு பாடல் பாட வேண்டும் என்பது போட்டி. காப்புச் செய்யுளையும் சேர்த்து எண்ணிய காதலி அமராவதி 99இலேயே எட்டிப் பார்க்க, அவன் காதலைப் பாடி உயிரை விடுகிறான். எல்லிஸ் டங்கன் 1937இல் அதைப் படமாக்கியபோது இளங்கோவன் எழுதிய காதல் காட்சிகளுக்கு ரோமியோ ஜூலியட்டிலிருந்தே கடன் வாங்கினார்கள். எண்ணிக்கை பிசகியதற்கு இன்றும் அமராவதியைக் குறை சொல்கிறோம். எண்ணிக்கை தவறினால் தலையை வாங்கும் போட்டியை ஏற்பாடு செய்த பெரியவர்களை யாரும் கேட்பதில்லை.

கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் கல்யாணப் புடவை எடுக்க வரும் குடும்பங்களில், மகளின் காதல் தெரிந்த மறுவாரமே மாப்பிள்ளை பார்த்த குடும்பம் ஒன்றுகூட இருக்காது என்று நம்புவது கடினம். கைப்பேசி பறிக்கப்படும், டியூஷன் நிறுத்தப்படும், அத்தை வீட்டுக்கு அனுப்பப்படுவாள். சாகலாம் என்று தோன்றினால் அவள் யாரிடம் பேசுவாள்? தற்கொலைக்கு முயன்று பிழைத்தவருக்கு ஓராண்டு வரை சிறை என்ற சட்டத்தை நாடாளுமன்றம் நீக்கியதே 2023இல்தான். மனம் உடைந்தவர்களுக்குக் காதுகொடுக்கும் கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் 1970 முதல் இயங்குகிறது. 03-76272929 என்ற எண்ணில் எந்நேரமும் பேசலாம். பேசுவதை வெளியே சொல்லமாட்டார்கள். மகளிடம் கத்திவிட்டு வந்த அப்பாவும் அந்த எண்ணை அழைக்கலாம்.