பாட்டுக்கு உரியார் யாவர்?

ஒரு பாட்டு நாடெங்கும் பரவுங்கால் அதனைக் கேட்டு மகிழ்வோர் பல கோடியர். பாடினார் இன்னார் என அறிவோர் சில இலக்கத்தினர். அதனை ஆக்கினார் யாவர் என வினவுவோரோ மிகச் சிலர். இவ்வுண்மையை நமக்கு நன்கு உணர்த்திய பாட்டொன்று நம் நாட்டிலேயே, நம் காலத்திலேயே தோன்றிற்று. 'என்ஜாய் எஞ்சாமி' என்பது அதன் பெயர். அஃது ஆக்கப்பட்ட வகையினையும், அது பெற்ற பெருவெற்றியினையும், அவ்வெற்றியின் பின் எழுந்த வழக்கினையும் எடுத்துரைத்து, அவற்றினின்றும் தமிழ் மாணாக்கராகிய நாம் கொள்ளத்தக்கது யாதென எம் சிற்றறிவிற்கு எட்டியவாறு கூறப் புகுகின்றோம்.

"சங்கநூல் பயில்வார்க்கு இத்தகைய பாட்டால் ஆவது என்ன?" எனச் சிலர் வினவக்கூடும். அவ்வினாவிற்கு விடை இக்கட்டுரையின் இறுதியிற் காணப்படும். அதுகாறும் பொறுத்தருளுமாறு வேண்டுகின்றோம்.

2021-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 7-ஆம் நாள் 'மாஜா' என்னும் இசை நிறுவனத்தின் வாயிலாக இப்பாட்டு யூடியூபில் வெளிவந்தது. இது திரைப்படப் பாட்டன்று. கதாநாயகனும் கதையும் இதற்குத் துணை நின்றில. சொற்களை யாத்தவர் அரக்கோணத்தைச் சேர்ந்த அறிவு. பாடியோர் தீ என்னும் பாடகியும் அறிவுமாகிய இருவர். இசையை உருவாக்கி வெளிக்கொணர்ந்தவர் சந்தோஷ் நாராயணன். வெளியான சின்னாளிலேயே தமிழறியாதாரும் இதனை முணுமுணுத்தனர். பின்னர் முப்பது கோடி முறைக்கு மேற் கேட்கப்பட்டு, கடல் கடந்த நாடுகளிலும் ஒலித்தது.

இவ்வெற்றிக்குக் காரணம் யாது? தாளமும் குரலும் ஒரு காரணமே. அவற்றினும் ஆழ்ந்த காரணம் ஒன்று உண்டு. அறிவு என்பவர், இயக்குநர் பா. இரஞ்சித்தின் முயற்சியால் உருவாகி 2018-ஆம் ஆண்டு சனவரியிற் சென்னையில் முதன்முதல் அரங்கேறிய 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் இசைக்குழுவைச் சேர்ந்தவர். சென்னைக் கானாவும், மேனாட்டு ராக் இசையும், ராப் என்னும் விரைமொழிப் பாட்டும் அக்குழுவில் ஒன்று கூடின. அக்கூட்டுறவு வியப்புக்குரியதன்று. ராக் இசையும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் துயரப் பாட்டாகிய புளூசினின்று கிளைத்ததே. துயரப் பாட்டு நம்மிடத்தும் உண்டு. அதற்கு ஒப்பாரி என்று பெயர். 'எஞ்சாமி'யில் அவ்வொப்பாரியும் ராப்பும் கைகோத்து நடக்கின்றன.

அவ்வொப்பாரி எங்கிருந்து வந்தது? அறிவின் பாட்டியாராகிய வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துத் தாயகம் மீண்ட மரபினர். 1964-ஆம் ஆண்டு அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்படிக்கையால், 5,25,000 மலையகத் தமிழர் இந்தியாவிற்கு அனுப்பப்படுதற்கு உரியவராயினர். காட்டைத் தோட்டமாக்கியோர் கையில் ஒரு பிடி மண்ணும் இன்றிக் கப்பலேறினர். அம்மக்களின் நினைவே இப்பாட்டின் வித்து. பாட்டியாரின் பெயரும் பாட்டினுள்ளேயே ஒலிக்கின்றது. இதனை நெஞ்சிற் கொள்க. பின்னர் இதனாற் பயனுண்டு.

நிற்க. பாட்டு வெற்றி பெற்ற பின்னரே வழக்குத் தொடங்கிற்று. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' என்னும் இசையிதழ் தன் அட்டையில் தீயின் படத்தையும் ஷான் வின்சென்ட் டி பால் என்னும் பாடகரின் படத்தையும் வெளியிட்டது. அறிவின் படம் அதன்கண் இல்லை. இரஞ்சித் முதலியோர் இதனைக் கண்டித்தனர். பின்னர் அறிவின் படம் தாங்கிய மற்றோர் அட்டை இணையத்தில் வெளிவந்தது. அடுத்த ஆண்டு சூலை 28-ஆம் நாள் சென்னையில் சதுரங்க ஒலிம்பியாடு தொடக்கவிழா நிகழ்ந்தபொழுது, தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் இப்பாட்டை மேடையிற் பாடினர். அறிவு அம்மேடையில் இலர். சின்னாளில் அவர், பாட்டை ஆக்கி, எழுதி, பாடி, நடித்தவர் தாமே என்றும், ஆறு திங்கள் அளவும் உறக்கமின்றி அதற்கென உழைத்ததாகவும் எழுதினார். சந்தோஷ் நாராயணனோ, தீயும் அறிவும் தாமும் ஆகிய மூவரும் கூடிச் செய்ததே அப்பாட்டென்றும், இசை தம்முடையதென்றும் விடை கூறினார். 2024-ஆம் ஆண்டு மார்ச்சில் அவரே, அப்பாட்டால் தமக்கு அதுவரை ஒரு காசும் வந்திலது என வெளிப்படக் கூற, நிறுவனத்தாரும் தம் பக்கத்தை எடுத்துரைத்தனர்.

இவ்வழக்கில் நடுவராக அமர்தற்கு எமக்குத் தகுதி இல்லை. அறையினுள் நிகழ்ந்ததை அறையில் இருந்தோரே அறிவர். யாம் கருதுவது வேறொன்று. மூவரும் பேசத் தெரிந்தவர். பல்லாயிரவர் செவிகொடுக்கும் புகழுடையவர். அவர் நடுவிலேயே 'இது யாருடையது' என்னும் வினா இத்துணைச் சிக்கலுடையதாயின், எழுதவும் அறியாத ஒரு மூதாட்டியின் பாட்டுக்கு யார் வழக்காடுவர்?

இது தமிழ்நாட்டிற்கே உரிய குறையன்று. தென்னாப்பிரிக்காவில் சாலமன் லிண்டா என்னும் சூலு இனத்துப் பாடகர் இருந்தார். அவர் 1939-ஆம் ஆண்டில் ஜோகன்னஸ்பர்க் நகரில் 'ம்பூபே' என்னும் பாட்டைப் பாடிப் பதிவு செய்தார். சிங்கம் என்பது அச்சொல்லின் பொருள். உரிமைக்கென அவர் பெற்றது பத்து ஷில்லிங் என்பர். 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பாடகர் குழுவொன்று, ஆப்பிரிக்க மக்களின் பழம்பாட்டெனக் கருதி, சொல்லையும் பிழைபடக் கேட்டு, அதனைப் பாடிற்று. 1961-இல் மற்றொரு குழு அதனை உலகப் புகழ் பெறச் செய்தது. 1994-இல் 'லயன் கிங்' படத்திலும் அஃது ஒலித்தது. லிண்டாவோ 1962-இல் வறியராய் இறந்தார். அவர்தம் மக்கள் வழக்காடி ஓர் உடன்பாடு கண்டது 2006-ஆம் ஆண்டிலேதான். 'பழம்பாட்டு' என்னும் ஒரு சொல்லே அவர் பெயரை அறுபது ஆண்டுகள் மூடி வைத்தது. முதலிற் பாடிய அந்த அமெரிக்கக் குழுவின் பெயர் 'வீவர்ஸ்'. நெசவாளர் என்பது அதன் பொருள்.

நெசவாளர் என்றவுடன் எம் ஊர் நினைவிற்கு வருகின்றது. அடையாற்றங்கரையில் உள்ள அனகாபுத்தூர் பழைய நெசவூர். ஒரு காலத்தில் இவ்வூர்த் தறிகளில் நெய்த கட்டமிட்ட துணி 'மெட்ராஸ் கைக்குட்டை' என்னும் பெயருடன் நைஜீரியாவிற்குச் சென்றது. அந்நாட்டார் அதனைத் திருநாட்களில் உடுத்தினர். துணியில் நகரத்தின் பெயர் உண்டு. ஊரின் பெயர் இல்லை. நெய்தவர் பெயர் ஒரு சிறிதும் இல்லை. இன்று தறிகள் பெரும்பாலும் ஓய்ந்தன. எஞ்சிய சிலவற்றின் ஓசை காலையில் எம் தெருவில் இன்னும் கேட்கும்.

அத்தெருவில் ஓர் ஆயா இருக்கின்றார். எண்பதைக் கடந்தவர், தறிக்குத் தார் சுற்றிக் கொடுத்தே வாழ்நாளைக் கழித்தவர். எம் வீடு கிறிஸ்தவ வீடு. துக்கத்திற்குக் கீர்த்தனை பாடுவதே எம் வழக்கம். ஆதலின் பக்கத்து வீட்டுச் சாவில் அவ்வாயா ஒப்பாரி எடுத்த நாள் எமக்கு மறக்கொணாத நாளாயிற்று. சில நாள் கழித்து அவர் ராட்டையின் அருகே அமர்ந்து, அப்பாட்டைச் சொல்லக் கேட்டுக் கைபேசியிற் பதிந்துகொண்டோம். பின்னர் அதனை ஏட்டிலெழுதி, ஒரு கட்டுரைப் போட்டிக்கு அனுப்பினோம். 'நாட்டார் பாடல் ஒன்று' என்பது தலைப்பு. அதன் கீழ் இருந்த பெயர் எம்முடையது மட்டுமே. பரிசும் கிடைத்தது.

'எஞ்சாமி' பற்றிய வழக்கினை இவ்வாண்டிற் படித்தறிந்தபொழுது எம் நெஞ்சு எம்மைச் சுட்டது. ஆயாவிடம் சென்று நடந்ததைக் கூறி, "உங்கள் பெயரைப் போடாமல் விட்டோம்" என்றோம். அவர் சினந்தாரில்லை. "அது என்னுது இல்ல தம்பி. குன்றத்தூர்ல எங்க பெரிம்மா பாடுனது. நடுவுல வர்ற ரெண்டு அடி மட்டும் நான் கட்டுனது, எங்க ஊட்டுக்காரர் செத்தப்போ" என்று கூறி, மீண்டும் தார் சுற்றலானார்.

அன்பர்களே! போட்டியின் நடுவர் தனித்தெடுத்துப் பாராட்டியவை அவ்விரண்டு அடிகளே. அவற்றைக் கட்டியவர் தம் கணவரின் உடலருகே அமர்ந்து கட்டினார். பாராட்டைப் பெற்றுக்கொண்டவர் யாம். எழுத்தறியாத அம்மூதாட்டி தம் பெரியன்னையின் பங்கு இது, தம் பங்கு இது என வரம்பறிந்து உரைத்தார். எழுத்தறிந்த யாமோ வரம்பின்றி அனைத்தையும் எம்முடையதாக்கிக் கொண்டோம்.

"நாட்டார் பாட்டுக்கு ஆசிரியர் இலர், அது மக்கள் அனைவர்க்கும் பொது" என்று கற்றோர் கூறுவர். பொது என்பதை யாம் மறுக்கவில்லை. யாரும் பாடலாம், யாரும் மாற்றலாம் என்பதே அதன் அழகு. ஆயின் யாவரும் பாடத்தக்கது என்பது வேறு. யாரும் ஆக்கினாரல்லர் என்பது வேறு. முன்னதைக் கூறிப் பின்னதை நிலைநாட்டுதல் வழுவாகும். கேளாமையால் அறியாதிருந்து, அவ்வறியாமைக்கு 'ஆசிரியர் இலர்' என்று பெயரிடுகின்றோம்.

இனி, தொடக்கத்தில் எழுந்த வினாவிற்கு வருவோம். சங்கநூல் பயில்வார்க்கு இதனால் ஆவது என்ன? சங்கநூலே இதற்கு வழிகாட்டுகின்றது என்பதே எம் விடை. பரிபாடலின் பாட்டுகளுக்கு அடியில் உள்ள குறிப்புகளைக் காண்க. பாட்டு இயற்றியவர் பெயர் தனியே, இசை வகுத்தவர் பெயர் தனியே, பண்ணின் பெயர் தனியே குறிக்கப்பட்டுள்ளன. நல்லந்துவனார் பாட்டுக்கு நல்லச்சுதனார் இசை வகுத்தார் என்பதை நாம் இன்றும் அறிவது அக்குறிப்பால் அன்றோ? சொல்லுக்கும் இசைக்கும் உரியாரை வேறு பிரித்துப் போற்றும் வழக்கம், இன்றைய நிறுவனங்கள் தோன்றுதற்குப் பன்னூறாண்டுகட்கு முன்னரே தமிழரிடை இருந்தது. குறுந்தொகையைத் தொகுத்தோர் இன்னும் ஒருபடி மேற்சென்றனர். புலவர் பெயர் கிட்டாதவிடத்து வெற்றிடம் விட மனமின்றி, பாட்டில் உள்ள தொடரையே எடுத்துச் செம்புலப்பெயனீரார் என்றும் அணிலாடு முன்றிலார் என்றும் பெயர் படைத்து வழங்கினர். பெயர் தெரியாத புலவனையும் பெயரின்றி விடலாகாது என்பது அவர்தம் அறம்.

இவ்வறத்தையே 'எஞ்சாமி'யும் ஓரளவு போற்றிற்று எனலாம். பாட்டினுள்ளே பாட்டியாரின் பெயரை வைத்தமையால், அட்டைகளும் மேடைகளும் யாரை மறந்தாலும் வள்ளியம்மாளை எவரும் நீக்குதற்கு இயலாது. பாட்டைப் பாடுந்தோறும் அப்பெயரும் பாடப்படுகின்றது. அப்பாட்டின் வெற்றிகளுள் யாம் தலையாயதாகக் கருதுவது இதனையே.

ஆதலின், கல்லூரித் தமிழ் மன்றத்தார்க்கும் இவ்விதழின் ஆசிரியர் குழுவினர்க்கும் ஒரு விண்ணப்பம் செய்துகொள்கின்றோம். நம்முள் பலர் விடுமுறைதோறும் ஊர்ப்புறப் பாட்டுகளைத் தொகுத்து வருகின்றனர். இனி அச்சேறும் ஒவ்வொரு பாட்டின் அடியிலும் பரிபாடல் முறையைப் பின்பற்றி நான்கு செய்திகள் இடம்பெறுக: பாடியவர் யார், அவர் யாரிடம் கற்றார், எந்த ஊரில், எந்த வேளையிற் பாடப்படுவது, எழுதிக்கொண்டவர் யார். எழுதியவர் பெயர் நான்காவதாகவே நிற்க. பாடியவர் தம் பெயர் வேண்டா என்பாராயின் அவர் விருப்பமே நடக்க. ஆயினும் கேட்காமல் விடுதல் கூடாது. கேட்பதற்கு ஆகும் காலம் ஒரு நொடியே.

எம் பரிசுக் கட்டுரையைப் பொறுத்தவரை, போட்டி நடத்தியவர்க்கு உண்மையை விளக்கி எழுதிவிட்டோம். அவ்வெழுத்தை அனுப்புமுன் ஆயாவிடம் படித்துக் காட்டினோம். கேட்டு முடித்ததும் அவர் சொன்னது ஒன்றே: "எங்க பெரிம்மா பேரையும் போட்டியா, தம்பி?" போட்டிருந்தோம், அவர் பெயருக்கு மேலே.