பின்னால் வருபவரின் விளக்கு

"பிரேக் அடிச்சா லைட் எரிய வேணாமாய்யா?" என்று கேட்டார் அந்த டிரெய்லர் ஓட்டுநர்.

போன கார்த்திகையில் ஒரு நாள். இரவு ஏழரை மணி, எண்ணூர் விரைவுச் சாலை. ராயபுரத்தில் இருக்கும் மைத்துனி வீட்டுக்கு மனைவியோடு போய்க்கொண்டிருந்தேன். குறுக்கே ஒரு மாடு வந்தது. பிரேக்கை அழுத்தினேன். எனக்குப் பின்னால் கண்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் கிறீச்சிட்டு, என் காரின் டிக்கியிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்றது. மனைவி வாயே திறக்கவில்லை. அவள் பேசாமல் இருந்தால்தான் எனக்குப் பயம்.

"எரியுதே தம்பி" என்றேன்.

"எரிஞ்சிக்கினேதான் வருது! எது பார்க்கு, எது பிரேக்குன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

அவர் கேட்டதில் ஒரு எழுத்துகூடத் தவறில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்கத்தில் கோப்பு எழுதியவன் நான். பிரச்சினையை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன குறிப்பு ஒன்றைக்கூட மேலதிகாரிக்கு அனுப்பியதில்லை.

நடந்தது இதுதான். எங்கள் பழைய மாருதியின் பின்விளக்குகள் மங்கிவிட்டன என்று பேரன் சொன்னான். "எல்இடி போட்டுடலாம் தாத்தா, பளிச்னு இருக்கும்." போட்டோம். கடைக்காரர் வெள்ளையா, சிவப்பா என்றுகூடக் கேட்கவில்லை, வெள்ளையைக் கொடுத்தார். முதல் நாளே இண்டிகேட்டர் படபடவென்று இரு மடங்கு வேகத்தில் அடித்தது.

அது கோளாறே இல்லை. பழைய ஃபிளாஷர் ரிலே, விளக்குகள் வழியாகப் போகும் கரண்டை வைத்துத்தான் வேலை செய்கிறது. 21 வாட் பல்ப் ஒன்று ஏறக்குறைய ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுக்கும். எல்இடி அதில் பத்தில் ஒரு பங்குகூட இழுக்காது. உடனே ரிலே, "பல்ப் ஃபியூஸ் போய்விட்டது, கவனி" என்று அவசரமாக அடித்துக் காட்டுகிறது. அதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள்.

கடைக்காரர் சொன்ன வைத்தியம், ரெசிஸ்டர். 6 ஓம், 50 வாட், தங்க நிற உறை போட்டது. 12 வோல்ட்டில் கணக்குப் பாருங்கள்: 2 ஆம்பியர், 24 வாட் சூடு. மிச்சம் பிடிக்க எல்இடி போட்டு, பிடித்த மிச்சத்தைச் சூடாக்கிக் கொட்ட ஒரு ரெசிஸ்டர்! அதைப் பிளாஸ்டிக் விளக்குக் கூட்டுக்குள்ளேயே டேப் சுற்றி வைத்திருந்தார். ஒரு வாரத்தில் கூடு இளகிவிட்டது. அதைப் பிடுங்கிவிட்டு, எல்இடிக்கென்றே வரும் எலக்ட்ரானிக் ரிலே போட்டதும் அடிக்கும் வேகம் சரியாயிற்று. ஆனால் பல்ப் போனால் சொல்லும் அந்த எச்சரிக்கையும் கூடவே போனது.

இதெல்லாம் சில்லறைத் தொல்லை. உண்மையான ஆபத்து பிரேக் விளக்கில் இருந்தது, அதை யாரும் பார்க்கவில்லை.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு இரண்டு பெயர்கள் நினைவுக்கு வந்தன. இரவில் எரிந்துகொண்டே வரும் விளக்கு "ஃபெ தெ பொசிசியோன்", அதாவது நான் இங்கே இருக்கிறேன். பிரேக் அடித்தால் எரிவது "ஃபெ ஸ்தோப்", நான் நிற்கிறேன். இரண்டு செய்திகள், ஒரே பல்ப். அதனால்தான் அந்தப் பல்புக்குள் 5 வாட், 21 வாட் என்று இரண்டு இழைகள். வாட் கணக்கில் நான்கு மடங்கு. வெளிச்சக் கணக்கில் பத்து மடங்குக்கும் மேல். அந்த எகிறலைத்தான் பின்னால் வருபவர் கண் பிடிக்கிறது. நான் வாங்கிய மலிவான எல்இடியில் இரண்டு நிலைக்கும் வித்தியாசமே சொற்பம். பகலில் பார்க் விளக்கு அணைந்திருப்பதால் பிரேக் தெரிகிறது, கடை வாசலில் எல்லாரும் திருப்திப்பட்டோம். இரவில்தான் வண்டவாளம் தெரிந்தது.

வெள்ளை எல்இடியைச் சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்ததும் தப்பு. அதில் நீலமும் மஞ்சளும்தான் அதிகம், சிவப்பு குறைவு. கண்ணாடி பெரும்பகுதியை விழுங்கிவிடும். சிவப்பு எல்இடி என்றால் அப்படியே வெளியே வரும். (நிக் ஹோலோன்யாக் சிவப்பு எல்இடியை உண்டாக்கியது 1962ல். புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்ததும் அதே வருஷம். எனக்கு இப்படித்தான் வருஷங்கள் ஞாபகம் இருக்கும்.)

எல்இடியே கூடாது என்று சொல்ல வரவில்லை. இழை சூடாகிப் பிரகாசிக்க ஏறக்குறைய ஐந்தில் ஒரு வினாடி ஆகும், எல்இடி உடனே எரியும். 60 கிலோமீட்டர் வேகத்தில் அது மூன்று மீட்டருக்கு மேல். அன்று எனக்கும் டிரெய்லருக்கும் நடுவில் அவ்வளவுகூட இல்லை. ஆனால் அந்த லாபம், கண்ணாடி, பிரதிபலிப்பான், சர்க்யூட் எல்லாம் எல்இடிக்கென்றே செய்த விளக்கில்தான் முழுசாகக் கிடைக்கும். நாலு பக்கமும் வெளிச்சம் வீசும் இழைக்காகச் செய்த கூட்டில் எல்இடியைச் செருகினால் கிடைக்காது.

எங்கள் திருவொற்றியூர்க் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். உப்புக்காற்று எர்த் ஒயரைத் தின்றுவிடும். பிரேக் அடித்தால் இண்டிகேட்டர் மங்கலாக மினுக்குகிறதா? பல்பைத் திட்டாதீர்கள். எர்த் சரியில்லாததால் கரண்ட் திரும்பிப் போக வேறு விளக்கு வழியே வழி தேடுகிறது. எங்கள் எலக்ட்ரீஷியன் உப்புத்தாளால் தேய்த்து, திருகை முடுக்கி, ஐந்தே நிமிஷத்தில் முடித்தார். உண்மையில் எங்கள் பழைய பல்புகள் மங்கலாக எரிந்ததற்கே அதுதான் காரணம்! எல்இடி வாங்கியதே தண்டம்.

என் கோபமெல்லாம் விற்கும் முறை மேல்தான். முன்விளக்கு நமக்கு வழி காட்டுகிறது, அதனால் நன்றாக இருக்கிறதா என்று நாமே பார்த்துவிடுவோம். பின்விளக்கை ஓட்டுகிறவன் ஒருநாளும் பார்ப்பதில்லை. அதை வாங்குவது நான், நம்பி வருவது முன்பின் தெரியாத ஒருவர். துறைமுகத்துக்கு விடிய விடிய டிரெய்லர் போகும் இந்த வட்டாரத்தில், இருட்டில் பார்க் விளக்கைப் போட்டு, பிரேக்கை அழுத்தி, இருபது அடி தள்ளி நின்று பார்க்காமல் எந்தக் கடையும் பல்பை மாட்டி அனுப்பக் கூடாது. ரெசிஸ்டரைக் கூட்டுக்குள் வைப்பவரிடம் வண்டியையே விடக் கூடாது.

இப்போது எங்கள் காரில் பழையபடி 21/5 வாட் பல்ப். மாட்டிய அன்று இரவு, பேரனைத் தெருமுனையில் நிற்க வைத்துப் பிரேக்கை அழுத்தினேன்.

"இப்ப?"

"தெரியுது தாத்தா."

"இப்ப?"

"ஆஃப்."

எதிர்வீட்டம்மா ஜன்னலைத் திறந்து, என்ன ஆச்சு என்று கேட்டார்.