மீட்டரை விடுங்க, பம்ப் எங்க இருக்குன்னு கேளுங்க

ஜுபைல்ல முதல் கார் தேடுறவங்க பலரும் மீட்டரைப் பார்த்துத்தான் பயப்படுறாங்க. எனக்கு பயம் வாட்டர் பம்ப் மேலதான்.

பம்ப் வெளியில இருந்தா, சீல் போனதும் கூலன்ட் சொட்டும், கண்ணுக்குத் தெரியும். ஆனா சவூதி ரோட்டுல நிறைய பார்க்கிற ஃபோர்டு டாரஸின் 3.5 லிட்டர் வி6-ல பம்ப் எஞ்சினுக்குள்ளே, டைமிங் செயினோட சுத்துது. கசிஞ்சா கூலன்ட் ஆயில்ல கலந்து எஞ்சினையே காலி பண்ணலாம். மாத்தவும் எஞ்சின் முன்பக்கத்தைப் பிரிக்கணும், கூலி எகிறும்.

அதனால, பம்ப் மாத்தின பில்லோட வர்ற 2 லட்சம் கிலோமீட்டர் கார், பில் இல்லாத 1.2 லட்சத்தைவிட மேல்னு சொல்வேன். பில் இல்லையா? அந்தச் செலவை விலையில கழிச்சுப் பேசுங்க. ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருந்தா, சாவியைத் திருப்பிக் கொடுத்துடுங்க. 45 டிகிரி வெயில்ல, தம்மாம் ரோட்டோரம் அம்மா அப்பாவோட நிக்க வேண்டாம்.