பானவில்லைக் கொன்றது யார்?



நம் குடும்பக் குழுவில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. டிரையம்ப் பானவில் மோட்டார் சைக்கிளின் படத்தைப் போட்டு, "இந்தச் சிங்கத்தை ஜப்பான்காரன் மலிவு விலையால் அடித்தான், மிச்ச உயிரைத் தொழிற்சங்கம் எடுத்தது" என்று எழுதியிருக்கிறார்கள். என்னிடம் படித்த பிள்ளைகளே அதற்குக் கைதட்டியிருக்கிறீர்கள். எந்த ஆண்டு, எந்த ஆலை என்று ஒருவராவது கேட்டீர்களா?

வண்டியின் பெருமையில் எனக்குத் தகராறு இல்லை. 1956இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், பானவில் உப்புப் படுகையில், டிரையம்ப் எஞ்சின் பொருத்திய வண்டியை ஜானி ஆலன் மணிக்கு 214 மைல் வேகத்தில் ஓட்டினார். அந்த இடத்தின் பெயரைத்தான் எட்வர்ட் டர்னரின் 650 சிசி இரட்டை சிலிண்டர் வண்டிக்கு வைத்தார்கள். 1959 மாடலாக, இரண்டு கார்புரேட்டரோடு வந்தது. 1969இல் மேன் தீவுப் பந்தயத்தில் மால்கம் அப்ஹில், கடையில் விற்கும் வகை பானவில்லிலேயே ஒரு சுற்றைச் சராசரி 100 மைலுக்கு மேல் முடித்தார். அந்த வகை வண்டியில் அதுவரை யாரும் செய்யாதது.

அதே 1969இல் ஹோண்டா சிபி 750 விற்பனைக்கு வந்தது. நான்கு சிலிண்டர், முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக், செல்ஃப் ஸ்டார்ட். இது மலிவா, மேன்மையா? பானவில்லைக் கிக்கர் உதைத்துத்தான் கிளப்ப வேண்டும். அதன் கிராங்க் கேஸ் நெடுக்காக இரண்டு பாதி. இணைப்புக் கோடு ஆயில் வந்து சேரும் அடிப்பகுதி வரை இறங்கும். ஹோண்டா கிடைமட்டமாகப் பிரித்து, அந்தக் கோட்டை மேலே தூக்கி வைத்தது. எது ஒழுகும் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும்.

முன்னறிவிப்பு இல்லாமல் விழுந்த இடியும் அல்ல. டர்னரே 1960இல் ஜப்பான் சென்று ஆலைகளைப் பார்த்து அறிக்கை எழுதினார். 1951 முதல் டிரையம்பின் உரிமையாளர் பிஎஸ்ஏ நிறுவனம். அவர்கள் ஆலையைவிட்டுத் தள்ளி, அம்பர்ஸ்லேட் ஹால் என்ற மாளிகையில் ஆராய்ச்சி நிலையம் வைத்தார்கள். அங்கே வரைந்த 1971 மாடலில் இருக்கை உயரமோ உயரம். பலருக்குக் கால் தரையில் எட்டவில்லை. அதைவிடக் கூத்து, மெரிடன் ஆலையில் அந்தச் சேஸிக்குள் எஞ்சினே முழுசாக இறங்கவில்லை! ஆளை அளக்காமல் சட்டை தைத்த கதை. திருத்தம் வரும்வரை தொழிலாளி சும்மா நின்றான். சோம்பேறிப் பட்டம் மட்டும் அவனுக்கு.

1973இல் பிஎஸ்ஏ சரிந்தது. புதிய முதலாளி டென்னிஸ் பூர், மெரிடனை மூடப்போவதாக அறிவித்தார். தொழிலாளர்கள் ஆலையை விட்டுக்கொடுக்க மறுத்துப் போராடினார்கள். அந்த நீண்ட முற்றுகையில் மற்ற ஆலைகளுக்கும் அடி விழுந்தது, மறைக்க மாட்டேன். 1975இல் ஏறத்தாழ 50 லட்சம் பவுண்டு அரசு உதவியோடு கூட்டுறவாக நடத்தத் தொடங்கினார்கள். தொடக்கத்தில் எல்லோருக்கும் ஒரே சம்பளம். பெரிய கம்பெனி பானவில்லுக்குக் கொடுக்காத செல்ஃப் ஸ்டார்ட்டை 1980இல் கொடுத்தது இந்தக் கூட்டுறவுதான். புதிதாக ஒரு எஞ்சின் உருவாக்கக் கையில் காசில்லை. 1983இல் கதவு மூடியது.

ஜப்பானுக்குச் சவால் விட்டிருக்க வேண்டிய பத்து ஆண்டுகளை வீணாக்கியது லேத் ஓட்டியவனா, கூட்ட அறையில் உட்கார்ந்திருந்தவனா?

உங்களில் பலர் ஓசூரிலும் ஒரகடத்திலும் ஷிஃப்டு வேலை பார்க்கிறீர்கள். பானவில்லின் சகோதரப் பெயரான நார்டனே 2020 முதல் நம் டிவிஎஸ் கையில் இருக்கிறது. நாளை உங்கள் ஆலையில் வரைபடம் தப்பாக வந்து, பழி உங்கள் தலையில் விழுந்தால், அதற்கும் இப்படியே கைதட்டுவீர்களா?

மறுப்பு இருப்பவர்கள் ஆண்டும் பெயரும் குறிப்பிட்டு எழுதுங்கள். எல்லாவற்றையும் படித்துப் பதில் சொல்கிறேன்.