ஒத்தை ஆளா? ரூம் இல்லீங்க!

ராத்திரி பன்னிரண்டே முக்காலுக்கு ஒட்டன்சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது எனக்கு ஒரு அசட்டு நம்பிக்கை இருந்தது. பெயரிலேயே சத்திரத்தை வைத்துக்கொண்டிருக்கிற ஊர். படுக்க ஒரு கட்டில் கொடுக்காமலா போய்விடும்?

கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்குக் கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறினேன். கணக்குப்படி பத்து மணிக்குத் திண்டுக்கல், பதினொன்றரைக்குள் ஒட்டன்சத்திரம், பன்னிரண்டுக்குக் குறட்டை. திங்கள் காலை எங்கள் கம்பெனி கிளையில் ஸ்டாக் சரிபார்க்கிற வேலை. வையம்பட்டி பக்கத்தில் இன்ஜினில் ஏதோ பெல்ட் அறுந்துபோய், "அஞ்சு நிமிஷம் சார்" என்றார் கண்டக்டர். கண்டக்டர்களின் அஞ்சு நிமிஷம் எவ்வளவு நீளம் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கிளம்பும்போது வீட்டில் ஒரு சின்னச் சண்டை. ஆரம்பித்தது தோசைக்கல்லில். முடிந்தது 2019-ல் நடந்த என் தங்கை கல்யாணத்தில். 'ஊருக்குப் போய் போன் பண்ணமாட்டேன்' என்று சபதம் போட்டுவிட்டு வந்திருந்தேன். அதனால் முகம் கொஞ்சம் இழவு வீட்டு முகமாகத்தான் இருந்திருக்கும்.

ரூமுக்கு மொபைலிலேயே புக் பண்ணி, பச்சை டிக் மார்க்கும் வாங்கியாகிவிட்டது. மேப் காட்டிய இடத்துக்குப் போனால், பூட்டின உரக்கடை. அங்கிருந்த வாட்ச்மேன் தாத்தா, "அது ரெண்டு தெரு தள்ளியில்ல இருக்கு" என்று டார்ச் அடித்து வழி காட்டினார். இரும்பு கேட்டைத் தட்டித் தட்டி எழுப்பின பையன், என் பச்சை டிக்கைப் பார்த்துக் கொட்டாவி விட்டான்.

"இதுல வர்றதையெல்லாம் நாங்க பாக்குறதில்லீங்க. நாளைக்கு முகூர்த்தம். பொண்ணு வீட்டுக்காரங்க மொத்தமா எடுத்துட்டாங்க."

(அனுபவத்தில் சொல்கிறேன். சின்ன ஊருக்கு லேட்டாகப் போகிறவர்கள், சாயங்காலமே லாட்ஜுக்கு நேராகப் போன் போட்டு, 'நடுராத்திரி வருவேன், சாவியை வையுங்கள்' என்று ஒரு மனிதக் குரலிடம் சொல்லிவிடுவது உத்தமம். '24 மணி நேரமா, மத்தியானம் பன்னிரண்டுக்குக் காலி பண்ணணுமா' என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ராத்திரி இரண்டு மணிக்குப் படுத்து பத்து மணி நேரத்துக்கு முழு நாள் வாடகை அழவேண்டும்.)

அடுத்த லாட்ஜில் மேனேஜர் விழித்தே இருந்தார். அவர் தலைக்குப் பின்னால் நாலு சாவி தொங்கியது. நானே எண்ணினேன்.

"எத்தனை பேருங்க?"

"நான் ஒருத்தன்தான்."

"ரூம் இல்லீங்க."

"சாவி தொங்குதே சார்?"

"அது ரிப்பேருங்க."

நான் படி இறங்குவதற்குள் மூன்று பேர் பெட்டியோடு ஏறினார்கள். ரிப்பேர் ரூமில் ஒன்று உடனே சரியாகிவிட்டது!

மார்க்கெட் பக்கம் நடந்தேன். ஊரில் அந்த நேரத்துக்கு உயிரோடு இருந்தது அது ஒன்றுதான். கேரளாவுக்குப் போகிற லாரிகளில் தக்காளிப் பெட்டியும் முருங்கைக்காய்க் கட்டும் ஏறிக்கொண்டிருந்தன. டீக்கடையில் என் கதையைக் கேட்ட ஒரு லோடுமேன் அண்ணன், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்.

"ஒத்தை ஆளுன்னா யோசிப்பாங்க தம்பி. அதுவும் இந்த நேரத்துல, ஒரே ஒரு பையோட. ஏதாச்சும் பண்ணிக்கிட்டா போலீஸ், கேஸுன்னு அவங்கதானே அலையணும்?"

எனக்குப் புரைக்கேறிவிட்டது. இத்தனை நேரம் என்னை ரூம் தேடுகிற ஆசாமி என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, ஊரே என்னை வேறு எதற்கோ வந்தவன் என்று பார்த்திருக்கிறது! கடைக் கண்ணாடியில் முகத்தைப் பார்த்தேன். சந்தேகப்படலாம் போலத்தான் இருந்தது.

"மூணாவது சந்துல ஒரு லாட்ஜ் இருக்கு. அங்க இருக்கிற அய்யாகிட்ட கேட்டுப் பாருங்க. அவரு குடுப்பாரு. ஆனா ரொம்பக் கேள்வி கேப்பாரு."

அய்யாவுக்கு அறுபது வயதிருக்கும். மங்கி குல்லா. மேஜைக் கண்ணாடிக்கு அடியில் சாமி படம், பஸ் டைம், பக்கத்தில் 104 என்று பெரிதாகப் பேனாவில் எழுதின காகிதம். அவருடைய முதல் கேள்வியே வித்தியாசமாக இருந்தது.

"சாப்ட்டீங்களா?"

"ஆச்சுங்க. ரூம்..."

"என்ன சாப்ட்டீங்க?"

ஆதாரைக் கொடுத்தேன். படத்தையும் முகத்தையும் நாலு தரம் மாற்றி மாற்றிப் பார்த்தார். என்ன வேலை, எந்த ஆபீஸ், எத்தனை குழந்தை எல்லாம் ஆயிற்று. "வீட்டுக்குப் போனைப் போடுங்க" என்றார்.

"மணி ஒண்ணரை சார்!"

"அதனால என்னங்க? போடுங்க."

சபதம் அங்கே காலியாயிற்று. முதல் ரிங்கிலேயே எடுத்தாள். தூங்கவில்லை என்று அர்த்தம். நான் வாயைத் திறப்பதற்குள் அய்யா போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்.

"அம்மா, ஒட்டன்சத்திரத்துல லாட்ஜில இருந்து பேசறனுங்க. சாருக்கு மனசுல ஏதாச்சும் கஷ்டமுங்களா?"

"அவருக்கு மனசே கிடையாதுங்க" என்றாள் என் தர்மபத்தினி. ஒரு செகண்ட் கழித்து, "ரெண்டு தலகாணியா குடுங்க. ஒண்ணுல படுத்தா காலைல கழுத்து வலின்னு புலம்புவாரு."

அய்யா முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது. எட்டாம் நம்பர் சாவியை எடுத்தார். மாடிக்கு வரும்போது, ஏன் இவ்வளவு விசாரணை என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"மூணு வருசம் ஆச்சுங்க. இதே மாதிரி ராத்திரி, ஒரு பையன். உங்களை விடச் சின்னவன். சிரிச்ச முகமாத்தான் சாவி வாங்குனான். நானும் தூக்கக் கலக்கத்துல ஒண்ணும் கேக்கல. காலைல கதவை ஒடைச்சவனும் நான்தான். அவங்கப்பா வந்து என் கையைப் புடிச்சுக்கிட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. 'பையன் ராத்திரி சாப்ட்டானாங்க?'ன்னு. எனக்குத் தெரியல. அதைக்கூட நான் கேட்டிருக்கல."

"அதுக்கப்புறமும் ஒத்தை ஆளுக்கு ரூம் குடுக்கறீங்களே?"

"இல்லைன்னு அனுப்பிட்டா எங்க போயிருப்பான்னு விடிய விடிய நெனச்சுக்கிட்டு இருக்கணும். குடுத்துட்டா கதவையாச்சும் தட்டலாமில்லீங்க?"

தட்டினார். இரண்டரைக்கு ஒரு தரம்: "கொசுவத்தி வேணுங்களா?" நாலு மணிக்கு: "தண்ணி வருதுங்களா?" அந்த நேரத்தில் யாருக்கு ஐயா தண்ணி! வெள்ளைக்காரன் 1867-ல் சத்திரங்களுக்கு ஒரு சராய் சட்டம் போட்டான். தங்குகிற மனிதர், மாடு, வண்டி எல்லாவற்றின் பாதுகாப்புக்கும் காவல் ஆள் வைக்கவேண்டியது சத்திரக்காரர் கடமை என்று அதில் இருக்கிறது. இரண்டு மணிக்கொரு தரம் எழுப்பச் சொல்லியிருக்கவில்லை. ஆனால் எனக்குக் கோபம் வரவில்லை. இரண்டு தரமும் சட்டென்று எழுந்து, கதவை நன்றாகத் திறந்து, முழு முகத்தையும் காட்டினேன்.

மூன்றாவது தரம், ஆறு மணிக்கு, கையில் டீயோடு நின்றார். நான் கேட்காத டீ. பில்லிலும் வரவில்லை.

கிளைக்குப் புறப்படுமுன் வீட்டுக்கு நானாகவே போன் பண்ணினேன். "எழுந்துட்டேன்" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும். லாட்ஜ்காரர் ஆறேகாலுக்கே போன் பண்ணிட்டார். 'சார் எந்திரிச்சிட்டாருங்க, டீ குடிச்சிட்டாருங்க'ன்னு."

"ஓ..."

"கழுத்து வலிக்குதா?"

"இல்லை."

"சரி, வரும்போது திண்டுக்கல்ல இறங்கி ஒரு தோசைக்கல் வாங்கிட்டு வாங்க" என்றாள்.